அக்காவின் பின்னலும் அம்மாவின் மொட்டையும்

முதல்லயே ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். இந்தக் கட்டுரையில் தப்பு பண்ணும் ஆட்கள் சிலர் வருவார்கள். அதில் முதல் ஆள் நான்தான்.

ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டலுக்கு வந்து நாலாவது நாள். மெஸ் வரிசையில் எனக்கு முன்னாடி ஒரு சீனியர் அக்கா நின்னுட்டு இருந்தாங்க. தான்சானியாவிலிருந்து இங்கே வந்து படிப்பவர். தலை முழுக்க மெல்லிசு மெல்லிசாப் பின்னல், ஒவ்வொன்றும் இடுப்பு வரைக்கும். என் பக்கத்தில் நின்னவ, "ஒரிஜினல் முடியாடி அது?" என்று காதில் கேட்டாள். நான் கையை நீட்டி ஒரு பின்னலைப் பிடித்து இழுத்தே பார்த்துட்டேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவங்க திரும்பினாங்க. நாங்க சிரிச்சோம். "செல்ஃபி அக்கா?" என்றோம். அவங்களும் சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. அன்னைக்கு நைட்டு அந்தப் படம் என் ஸ்டேட்டஸில் போச்சு. அதுக்கு நான் போட்ட வரியை இங்கே எழுதப் போவதில்லை. கூசுது.

அந்த அக்கா இப்போ படிப்பு முடிச்சு ஊருக்குப் போயிட்டாங்க. இந்தக் கட்டுரையை எழுதும் முன்னாடி வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எழுது. என் பேரை மட்டும் போடாதே" என்றார்கள். அதனால் இதில் அவங்க வெறும் "அக்கா". அவங்க பேசும் ஸ்வாஹிலியில் சகோதரிக்கு "டாடா" என்று பெயர். நாங்க அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, அவங்க என்னை டாடா என்று கூப்பிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் எல்லாரும் "டாட்டா சொல்றாங்களா?" என்று குழம்பியது தனிக்கதை.

பாட்டு நம்மது, ஆள் வேற்று ஆளா?

ரீமாவின் "கால்ம் டவுன்" 2022-இல் வந்தது. நைஜீரியப் பாட்டு. அதுக்கு ரீல்ஸ் போடாத செட் நம்ம காலேஜில் இருக்கா? தென்னாப்பிரிக்காவின் டைலா பாடிய "வாட்டர்" வந்தபோது கல்ச்சுரல்ஸ் மேடையில் தண்ணி ஊத்திக்கிட்டு ஆடி, ஸ்டேஜ் வழுக்கி, ஒருத்தன் விழுந்ததும் நமக்குத் தெரியும். ஆப்பிரிக்க இசை நமக்கு வேணும். அதே கண்டத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்னா, மொத்த பஸ் ஸ்டாண்டும் திரும்பிப் பார்க்கும்.

நாம கேட்கும் கேள்விகளும் ஒரு தினுசு. "உங்க ஊர்ல போன்லாம் இருக்கா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா பொறுமையா பதில் சொன்னாங்க. போன் மூலம் பணம் அனுப்பும் எம்-பெசா கென்யாவில் 2007-இல் வந்துவிட்டது. அடுத்த வருஷமே தான்சானியாவுக்கும் வந்தது. பட்டன் போனிலேயே வேலை செய்யும். நம்ம யுபிஐ வந்தது 2016-இல். "நீங்க சில்லறை இல்லன்னு கண்டக்டரோட சண்டை போட்டுட்டு இருந்தப்போ எங்க அம்மா காய்கறிக்கே போன்ல காசு குடுத்தாங்க" என்று சொல்லிட்டு சப்பாத்தியைப் பிய்த்தார்கள். ஆமாம், சப்பாத்தி அவங்க ஊரிலும் தினசரி சாப்பாடுதான். பெயரும் சப்பாத்திதான். நம்ம மெஸ் சப்பாத்தியைப் பற்றி அவங்க சொன்ன கருத்தை மெஸ் கமிட்டி மேல் உள்ள மரியாதையால் வெளியிடவில்லை.

ரெட்டை ஜடை, ஒட்ட வெட்டு

பழக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "ஏன் அக்கா முடிக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?" அவங்க சொன்ன பதில் எனக்குப் புதுசு. அவங்க ஊரில் பல பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் முடி வளர்க்கக் கூடாது. மண்டையோடு ஒட்ட வெட்டணும். அக்கா பள்ளிப் படிப்பு முடியும்வரை அப்படித்தான் இருந்தாங்க. பதினெட்டு வயசுக்குப் பிறகுதான் தன் தலையில் தன் முடி எப்படி வளரும் என்றே பார்த்தாங்க. கானாவிலும் அரசுப் பள்ளிகளில் இதே வழக்கம் உண்டு.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் ரெட்டை ஜடை, மடிச்சுக் கட்டிய ரிப்பன், படிய வாரிய எண்ணெய்த் தலை. ஒரு பின்னல் போட்டுப் போன அன்னைக்கு பிரேயரில் வெளியே நிறுத்தினாங்க. அவங்களுக்கு இருக்கவே கூடாது, எங்களுக்கு இப்படித்தான் இருக்கணும். விதி ரெண்டும் எதிரெதிர். ரெண்டிலும் ஒண்ணு பொது: அந்த விதியை எழுதினவங்க அந்தப் பொண்ணுங்க இல்லை.

இதைக் கேள்வி கேட்ட பொண்ணுங்களும் இருக்காங்க. 2016 ஆகஸ்ட் மாதம் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள் போராட்டம் நடத்தினார்கள். தங்கள் தலையில் இயற்கையாக வளரும் முடியையே "ஒழுங்கா இல்லை" என்று பள்ளி கண்டிக்கிறது என்பது அவர்கள் புகார். அப்போது 13 வயதான ஸுலைகா பட்டேல், காவலாளிகள் எதிரில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கி நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. மாகாணக் கல்வித் துறை தலையிட்டது. பள்ளி விதிகளில் முடி பற்றிய பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வயசுப் பிள்ளைகள் செய்த வேலை அது. மூன்று வருஷம் கழித்து, 2019-இல், அதே நாட்டைச் சேர்ந்த ஸோஸிபினி டுன்ஸி, விக் எதுவும் வைக்காமல், ஒட்ட வெட்டிய தன் சொந்த முடியோடு மேடை ஏறி மிஸ் யுனிவர்ஸ் ஆனார்.

கொஞ்சம் இன்ஜினியரிங்

எண்ணெய் வைத்துப் படிய வாருவதுதான் நேர்த்தி என்று நாம நினைப்பதற்குக் காரணம், நம்மில் பலருடைய முடி அதுக்கு ஒத்துழைக்கும் என்பது மட்டுமே. தலையில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கிடும். நெருக்கமாகச் சுருண்ட முடி ஸ்பிரிங் மாதிரி. எண்ணெய் அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி இறங்கி நுனி வரை போகாது. அதனால் முடி வறண்டு, வளையும் இடத்தில் சீக்கிரம் உடையும். சீப்பை வைத்து இழுத்தால் இன்னும் உடையும். அதுக்குத்தான் பின்னல். ஒரு தடவை பின்னினால் சில வாரங்களுக்குத் தொட வேண்டாம். முடியும் பத்திரம், காலை எட்டரை மணி கிளாஸுக்கும் லேட் ஆகாது. அழகு அதில் கூடவே வருவது.

நம்ம ஏரியா தண்ணி வேற. ஆவடிப் பக்கம் போர் தண்ணியில் குளிச்சு முடி கொட்டாத ஹாஸ்டல்காரி உண்டா? நமக்கே இப்படி என்றால் வறண்ட முடிக்குக் கேட்கவே வேண்டாம். ஊரிலிருந்து வரும்போது அக்கா ஒரு பை நிறையச் செயற்கை முடி கொண்டு வருவாங்க. பின்னும்போது சொந்த முடியோடு அதைச் சேர்த்துப் பின்னணும். இங்கே எந்தப் பார்லரிலும் அது தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் இன்னொரு மாணவியின் உதவியோடு ஆறு மணி நேரம். முடிந்ததும் நுனிகளைக் கொதிக்கும் தண்ணியில் முக்கணும், அப்போதான் பிரியாது. அந்தத் தண்ணியை எந்த ரூமில் எந்த ஹீட்டரில் போட்டோம் என்பதை வார்டன் மேடம் படிக்கும் பத்திரிகையில் சொல்ல முடியாது.

இத்தனை வேலை எதுக்கு, நேராக்கிட்டாப் போச்சே என்று தோணலாம். முடியை நேராக்கும் ரிலாக்ஸர்கள் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. லேபில் கையில் பட்டால் குழாயைத் திறந்துக்கிட்டு நிற்போமே, அதே காரம். முடியின் புரதத்தில் உள்ள டைசல்பைடு பிணைப்புகளை உடைத்துத்தான் அது நேராக்குது. 2022-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. முடி நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாத பெண்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் 4.05 சதவீதம். ரெண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. இதனால்தான் அது வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு இன்டர்வியூவுக்காக எடுக்கிற ரிஸ்க்கா அது?

இன்டர்வியூ என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் வரேன்.

ஒரு ராத்திரி

அக்கா ஃபைனல் இயர் படித்தபோது பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்குக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். மாக் இன்டர்வியூ. அக்கா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாங்க. கடைசியில் அவர் சொன்ன ஃபீட்பேக் ஒரே வரி: "இந்தத் தலையோட போனா யாரும் எடுக்க மாட்டாங்க. புரொபஷனலா வாங்க." கிளாஸே சிரிச்சுதாம்.

அன்னைக்கு நைட்டு பதினோரு மணிக்கு நான் தண்ணி பிடிக்கப் போனேன். அக்கா ரூம் கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பின்னலாக அவிழ்த்துட்டு இருந்தாங்க. மூணு நாள் முன்னாடி போட்ட பின்னல். நான் எதுவும் கேட்காமல் பின்னாடி உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்தேன். சீப்பின் வால்முனையை விட்டு மெதுவா நெம்பணும், அவசரப்பட்டா சொந்த முடியும் சேர்ந்து வந்துடும். ரெண்டு மணி ஆச்சு. அந்த ராத்திரியில்தான் மெஸ் வரிசைக்கு சாரி கேட்டேன். ஒரு வருஷம் ஆகியிருந்தது, மறந்திருப்பாங்க என்று நினைத்தேன்.

"ஞாபகம் இருக்கு. உன் கையில சாம்பார் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டவில்லை. அடுத்த நாள் முடியை இறுக்கி இழுத்துக் கட்டிக்கிட்டுப் போனாங்க. ஒரு வாரம் நெற்றி ஓரம் வலிக்குது என்றார்கள். அவங்க பேசியதை, போட்ட புராஜெக்டை, எடுத்த சிஜிபிஏவை விட அந்த முடிதான் அந்த அறையில் எல்லார் கண்ணுக்கும் பெரிசாத் தெரிந்திருக்கிறது.

இந்த வருஷம் என் முறை. எனக்குச் சுருட்டை முடி. எங்க ஊரில் சின்ன வயசிலிருந்தே "பரட்டை" என்றுதான் பேர். வேற ஒரு ட்ரெயினர், வேற ஒரு ஹால், அதே வசனம். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு யோசனையும் கிடைத்தது: "ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிக்கோம்மா, நல்லா இருக்கும்." அன்னைக்குத்தான் புரிந்தது. அக்காவின் பின்னலை அளந்த ஸ்கேலும் என் சுருட்டையை அளந்த ஸ்கேலும் ஒண்ணுதான். அந்த ஸ்கேலில் அக்கா கடைசி, நான் கொஞ்சம் மேலே. மேலே இருப்பதால்தான் மெஸ் வரிசையில் கையை நீட்டும் தைரியம் எனக்கு வந்திருக்கணும்.

திருத்தணி லோக்கல்

இனி சொல்லப் போவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

எங்க அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் நல்லபடியா முடிந்தால் திருத்தணியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தாங்க. என் செகண்ட் இயரில் அந்த வேண்டுதலை நிறைவேற்ற வந்தாங்க. அம்பத்தூரில் அத்தை வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் திருத்தணி லோக்கல் ஏறினோம். கோயிலைப் பார்க்கணும் என்று கேட்ட அக்கா ஆவடியில் ஏறிக்கொண்டார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அக்காவுக்குத் தமிழில் "கொஞ்சம் தள்ளுங்க", "போதும்", "காரம் வேண்டாம்" மட்டும்தான் வரும். ரெண்டு பேரும் புளிசாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டாங்க. பெட்டி முழுக்க அக்காவையே பார்த்தது. ஒருத்தர் போனைச் சார்ஜ் பார்ப்பது போலத் தூக்கிப் படம் எடுத்தார். அரக்கோணம் வரைக்கும் அந்தப் பார்வை விடவில்லை.

எங்க அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஊரில் அதுக்குப் பேர் உண்டு. காணிக்கை மண்டபத்தில் பத்து நிமிஷத்தில் எல்லாம் மடியில் விழுந்தது. அக்கா வாயில் கை வைத்துப் பார்த்துட்டு இருந்தாங்க. வெளியே வந்து சந்தனம் பூசியதும் கேட்டாங்க: "அந்த முடி எங்கே போகும்?"

கோயில்கள் காணிக்கை முடியை ஏலம் விடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். திருப்பதியில் மட்டும் இந்த ஏலத்தில் பல ஆண்டுகள் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. வாங்குபவர்கள் சுத்தம் செய்து, தரம் பிரித்து, ஏற்றுமதி செய்கிறார்கள். மழிக்கும்போது வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும். அதனால் சிக்கு விழாது, விலையும் அதிகம். விக், எக்ஸ்டென்ஷன் எல்லாம் இதில் செய்கிறார்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் 2009-இல் எடுத்த "குட் ஹேர்" ஆவணப்படம் இந்த வழியைத் தேடி இந்தியாவுக்கே வந்தது.

நான் இதைச் சொன்னதும் அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாங்க. அவங்க ஊர்க் கடைகளில் "இந்தியன் ஹேர்" என்று எழுதித் தொங்கும், கடையிலேயே அதுதான் விலை அதிகம், அவங்க சித்தி கல்யாணத்துக்கு வாங்க மாதக்கணக்கில் காசு சேர்த்தாங்க. "அது ஒரு அம்மாவோட வேண்டுதலா இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்ல" என்றார்கள்.

விக் வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காணிக்கை கொடுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆசைப்பட்டு வைத்துக்கொள்வது ஒன்று. உன் சொந்த முடி லாயக்கில்லை என்று உலகம் சொல்லிச் சொல்லி வைக்க வைப்பது இன்னொன்று.

ஆனால் நான் சொல்ல வந்தது திரும்பி வந்த பயணத்தைப் பற்றி. அதே லோக்கல். அம்மா மொட்டைத் தலையோடு ஜன்னல் ஓரம். ஒருத்தர்கூட முறைக்கவில்லை. எதிர் சீட்டுப் பாட்டி, "திருத்தணியாம்மா? நல்லா இருப்பே" என்று சொல்லிட்டு வெற்றிலையைத் தொடர்ந்தார். ஒரு பெண் முழு மொட்டையோடு உட்கார்ந்திருப்பது உலகத்தின் எத்தனையோ ஊர்களில் திரும்பிப் பார்க்கப்படும் விஷயம். அந்தப் பெட்டியில் அது சாதாரணம். ஏன்? எல்லாருக்கும் காரணம் தெரியும். காரணம் தெரிந்ததால் மரியாதை தானா வந்தது.

பக்கத்தில் பின்னலோடு உட்கார்ந்திருந்த அக்காவுக்கு மட்டும் பார்வை தொடர்ந்தது. அவங்க தலைக்குப் பின்னாலும் காரணம் இருக்கு. நமக்குத் தெரியாது, தெரிந்துக்கணும் என்றும் தோணவில்லை. இறங்கும்போது அம்மா சொன்னாங்க: "அவ முடிய அவ பின்னியிருக்கா, என் முடிய நான் குடுத்துட்டேன். இதுல மத்தவங்களுக்கு என்னடி?"

நிறமும் இதே பாடம்தான்

முடிக்குச் சொன்னது தோலுக்கும் பொருந்தும். "கறுப்பே அழகு" என்று பழமொழி சொல்லும் ஊர் இது. கல்யாண விளம்பரத்தில் மட்டும் "மாநிறம்" என்று எழுதுவோம். ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் 1975-இல் வந்த கிரீம். பிறகு ஆப்பிரிக்க நாடுகளிலும் விற்றது. 2020-இல், அமெரிக்காவில் நடந்த இனவெறி எதிர்ப்புப் போராட்டங்கள் சூடாக இருந்த நேரத்தில், பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். அக்காவும் நானும் சின்ன வயசில் ஒரே ட்யூபைப் பிதுக்கி வளர்ந்தவர்கள் என்று தெரிந்தபோது சிரிச்சோம். நல்ல சிரிப்பு இல்லை அது.

ஆபத்தும் ரெண்டு பக்கமும் இருக்கு. தென்னாப்பிரிக்கா 1990-இலேயே ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்பு கிரீம்களைத் தடை செய்தது. கானா, ருவாண்டா போன்ற நாடுகளும் பின்னால் நடவடிக்கை எடுத்தன. பக்கத்து மாநிலத்தையே பாருங்க. கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட பிரிவில் வந்த 15 பேரில் 13 பேர் சரும வெளுப்பு கிரீம் பூசியவர்கள். அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. ஆன்லைனில் "நைட் கிரீம், ஏழு நாளில் ரிசல்ட்" என்று லேபிள் இல்லாத டப்பா வாங்கும் தோழிகள் இதை இரண்டு முறை படிக்கவும்.

எதிர்த்துப் பேசிய குரல்களும் இருக்கின்றன. "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்ற இயக்கம் 2009-இல் தொடங்கியது வேறெங்கும் இல்லை, நம்ம சென்னையில். கென்யக் குடும்பத்தில் வந்த நடிகை லுபிடா நியோங்கோ, சின்ன வயசில் தன் நிறம் வெளுக்க வேண்டும் என்று கடவுளிடம் வேண்டியதை 2014-இல் மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் ஆஸ்கர் வாங்கினார். நம்ம ஹாஸ்டலில் எத்தனை பேர் அந்த வேண்டுதலை வேண்டியிருப்போம்? நான் வேண்டியிருக்கேன்.

"சும்மா ஆர்வத்துலதானே?"

இதைப் படித்த என் ரூம்மேட் சொன்னாள்: "ரொம்ப சீரியஸ் ஆக்குற. யாரும் வெறுப்புல பண்ணல. புதுசா இருக்கேன்னு ஆர்வம். நம்ம ஆளுங்க வெள்ளைக்காரங்களைப் பார்த்தாலும் செல்ஃபி கேப்பாங்க."

நியாயமான கேள்வி. ஆர்வம் தப்பு இல்லை. ஆனால் வெள்ளைக்காரர் முடியை நாம பிடித்து இழுப்பதில்லை. அவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்க யோசிப்பதில்லை. அவரைப் பார்த்து ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு, புரியாது என்று சிரிப்பதில்லை. புரியுது. அக்கா முதல் செமஸ்டரிலேயே கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை அதுதான்.

"சும்மா"வில் ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2016 ஜனவரி கடைசியில் பெங்களூருவில் ஒரு விபத்து நடந்தது. காரை ஓட்டியவர் சூடான் நாட்டவர். அதுக்குச் சம்பந்தமே இல்லாமல் அந்த வழியாகப் பிறகு வந்த தான்சானிய மாணவி ஒருவரைக் கூட்டம் காரிலிருந்து இழுத்துத் தாக்கியது. கோபப்பட்ட கூட்டத்துக்கு எல்லா ஆப்பிரிக்கரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே ஊராகப் பார்க்கும் கண் அது. அந்தக் கண்ணின் சின்ன வடிவம் நம்ம மெஸ் வரிசையிலும் இருக்கு. அக்காவின் அம்மா அந்தச் செய்தியைப் பார்த்திருந்தாராம். மகளை இங்கே அனுப்பும்போது ஆறு மணிக்குள் ரூமுக்குப் போயிடணும் என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினாராம். நம்ம அம்மாக்கள் நம்மை வெளியூருக்கு அனுப்பும்போது சொல்வதும் இதுதானே.

கேட்பது ரொம்பக் குறைவு

மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, நமக்கு. யார் முடியையும் கேட்காமல் தொடாதீங்க, கேட்காமல் படம் எடுக்காதீங்க. ஜூனியர்களுக்கு ஓரியன்டேஷனில் சீனியர்கள் நாம சொல்லலாம். பேர் வாயில் நுழையலையா, திரும்பக் கேளுங்க. வெங்கடசுப்பிரமணியன் என்ற பேரை அவங்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ரெண்டு, நிர்வாகத்துக்கு. டிரெஸ் கோடில் "முடி எண்ணெய் வைத்து ஒழுங்காகப் பின்னியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை மாற்றலாம். ஒர்க்ஷாப்பில் லேத் முன்னாடி நிற்கும்போது முடியைக் கட்டி உள்ளே செருகணும், இதில் பேச்சே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. "இயந்திரங்கள் உள்ள இடத்தில் முடி கட்டியிருக்க வேண்டும்" என்று எழுதினால் எல்லாருக்கும் பொருந்தும், காரணமும் உண்டு. காரணம் சொல்ல முடியாத விதியை வகுப்பறையில் எதுக்கு வைத்திருக்கணும்?

மூணு, ட்ரெயினிங்குக்கு வருபவர்களுக்கு. உடை சுத்தமா இருக்கா, பேச்சு தெளிவா இருக்கா, பதில் சரியா இருக்கா என்று பாருங்க. தலையில் முளைப்பது எங்க ரெஸ்யூமேயில் இல்லை.

அக்கா இப்போ டார் எஸ் ஸலாமில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறாங்க. பின்னலோடுதான் போறாங்களாம். போன மாசம் வீடியோ காலில் அம்மாவைக் கேட்டாங்க. அம்மாவுக்கு முடி காதுக்குக் கீழே வளர்ந்திருக்கு. காட்டினாங்க. "இப்போ பின்னலாமா?" என்று அக்கா சைகையில் கேட்டாங்க. அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, போனை என் கையில் கொடுத்துட்டு, சீப்பு எடுத்துட்டு வந்து என் முன்னாடி உட்கார்ந்தாங்க.

எனக்குப் பின்னத் தெரியாது. அக்காதான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு பின்னலுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.